வழுக்கைத் தலைக்காரரு வேண்டிக்கிட்டது

...அதைத்தான் கண்ணு நானும் கேக்கறேன். தலை என்னோடது. வேண்டிக்கிட்டது அவரு. இது எந்த ஊரு நாயம், நீயே சொல்லு.

சித்தெ தள்ளி உக்காரு சாமி. வயித்துல பெல்ட்டு போட்டிருக்குது, சாஞ்சாத்தான் மூச்சு வருது. ஆங்... இப்பச் செரி. உள்ள ஃபாதரு கூடப் பேசிட்டிருக்கறது எங்கூட்டுக்காரருதான், சின்னப்பன். நீயும் ஃபாதரத்தான் பாக்கோணுமா? கோயில்ல வாசிக்க உன்ற கல்யாண ஓலை குடுக்கவா? சந்தோசம், சந்தோசம். அப்ப நேரமாவும், உக்காரு. அவரு ஒரு விசயத்தச் சொல்லோணும்னா ஆதாம் ஏவாள்ல இருந்து ஆரம்பிப்பாரு. நானும் உள்ள வாரேன்னேன். நீ வந்தா என்னையப் பேசவுடமாட்டே, வெளியவே குந்துன்னுட்டாரு. நானா பேசவுடமாட்டேன்? நீதான் பாத்துட்டே இருக்கறயே, நான் என்ன பேசிட்டேன்?

கர்ப்பப்பையில கட்டி கண்ணு. சேலத்துல வெச்சு எடுத்தாங்க. கொட்டாங்கச்சி அளவு இருந்துச்சாமா. அதத் தட்டுல வெச்சு இவருகிட்டக் கொண்டாந்து காட்டியிருக்காங்க. பாத்த மனுசன் அங்கியே மயங்கி வுழுந்துட்டாரு. அப்பறம் அவருக்கு ஒரு கட்டலு, ஒரு குளுக்கோஸ் பாட்டலு. ஆபரேசன் எனக்கு, பண்டுவம் அவருக்கு. நான் கண்ணு முழிச்சதும் நர்சம்மா சொல்லுது, உங்க வீட்டுக்காரரு இப்பப் பரவால்லைங்கம்மான்னு.

அந்த மனுசன்தான் வேண்டிக்கிட்டாரு. இன்னாசியம்மா நல்லபடியா எந்திரிச்சு நடந்தா, உயிர்ப்புத் திருநாளுக்குள்ள வேளாங்கண்ணிக்குக் கூட்டியாந்து மொட்டை போடறேன் தாயேன்னு. யாருக்கு மொட்டை? எனக்கு. அவருக்குப் போடலாம்ல? போடலாம்தான். ஆனா அவரு தலையில என்ன இருக்குது? உள்ளங்கை மாதிரி வழுக்கை. மாதாவுக்குக் காட்டறதுக்கு ஒரு மசுரு இல்ல. அதான் என்ற தலையத் தூக்கிக் குடுத்துட்டாரு.

இரு, இது அவரோட நிக்கல. என்ற மகன் பிரவீன், பிக்கப் வண்டி ஓட்டறான், அவன் என்ன வேண்டிக்கிட்டான் தெரியுமா? தவக்காலம் பூரா எங்கம்மா காப்பி குடிக்காதுன்னு. ஏன்டா, எங்கம்மாங்கறே, உன்ற வாய்க்கு என்னடா கேடு? வாசல்ல எங்க தோட்டத்துக் காப்பிக்கொட்டை காயுது. ஊடு பூரா வாசம். அவன் என்ற முன்னால உக்காந்து ஒரு லோட்டா காப்பிய உறிஞ்சிட்டு, எப்படிம்மா இருக்குது ஒடம்புங்கறான்.

மருமவ இருக்கறா பாரு, சங்கீதா, அவதான் எல்லாத்துக்கும் மேல. வெள்ளிக்கிழமையானா எங்கத்தை வாயே தொறக்க மாட்டாங்க, மௌனம் காப்பாங்கன்னு வேண்டிக்கிட்டா. நல்லாப் பாத்துக்க, அவ மௌனம் இல்ல, எங்கத்தை மௌனம். ஒரு காதுல கம்மலக் கழட்டித் தாரேன்னு வேண்டியிருக்கலாம், மெழுகுவத்தி வாங்கி வெச்சிருக்கலாம்... இல்ல. கட்டல்ல கெடந்துட்டுத் தண்ணி வேணும்னா டம்ளர்ல கரண்டியால தட்டறேன். அவ எட்டிப்பாத்து, என்னங்கத்தை, சன்னல மூடோணுமாங்கறா. வேணும்னே கேக்கறா கண்ணு. நாளைக்கி வெள்ளி. அதான் இன்னிக்கே கொஞ்சம் பேசி வெச்சுக்கறேன்.

நல்லவதான், இல்லீங்கல. குளிக்கத் தண்ணி வாத்து வுட்டதெல்லாம் அவதான், மொகஞ்சுளிக்கல. ஆனா சாயங்காலம் ஜெபமாலை சொல்றா பாரு, கடைசி பஸ்ஸப் புடிக்கற மாதிரி. நான் சொன்னா ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொருத்தரையா நெனச்சு, செத்தவங்க, இருக்கறவங்க, பரீச்சை எழுதறவங்கன்னு ஒப்புக்குடுத்துத்தான் நவுத்துவேன். இப்பப் படுத்துட்டுக் கேக்கறேன், அஞ்சு தேவ ரகசியத்துல ரெண்டாவதுலயே தூங்கிப்போறேன். குறட்டைக்கு நடுவுல மங்கள வார்த்தை ஜெபம் சொல்றோம்னு அவ ஊரெல்லாஞ் சொல்லிட்டுத் திரியறா.

பக்கத்தூட்டு மயிலம்மாள் வேற சாமி கும்புடறவ. அவளும் எனக்காக அவிங்க அம்மன் கோயில்ல வேண்டியிருக்கறா. என்னன்னு? நானே நடந்து வந்து, என்ற கோழிய அறுத்துப் பொங்க வெக்கறேன்னு. பாத்தியா? வேதக்காரங்க இவிங்க மூணு பேரும் என்னையத் தூக்கிக் குடுத்தாங்க, அவ மட்டும் அவ கோழியக் குடுத்தா. கொழம்பும் கொண்டாந்தா. தவக்காலம், எங்கூட்டுல கவுச்சி இல்ல. வாசத்தப் புடிச்சுட்டு எவ்வளவு நேரந்தான் கெடக்கறது... டாக்டரு சத்தா சாப்புடச் சொன்னாரே. ஒரு ஈரல் துண்டுதான் கண்ணு. செரி, ரெண்டு. அன்னிக்கு வெள்ளிக்கிழமை இல்ல, அது எனக்கு நல்லாத் தெரியும்.

சேலத்துல இருந்து திரும்பி வந்தது இருக்குதே... நீயும் மலைக்குக் கீழ இருந்துதான வாரே, பேளுக்குறிச்சிப் பக்கமா? அப்ப மலை வளைவு உனக்குத் தெரியும். தையல் போட்ட வயித்தோட அதுல ஏறோணும். பிரவீன் வண்டிய ஆமை மாதிரி ஓட்டிட்டு, வளைவுக்கு ஒரு மங்கள வார்த்தைன்னு சொல்லிட்டு வந்தான். ஜெபமாலை முடிஞ்சும் வளைவு முடியல. மறுபடி மொதல்ல இருந்து ஆரம்பிச்சான். வண்டி குலுங்கினா என்னைய வுட அவந்தான் ஐயோங்கறான். காப்பி விசயத்துல நான் அவன மன்னிச்சதே அந்த ஒண்ணுக்குத்தான்.

ஆனா முடி... முடி வேற கண்ணு. இந்தா பாரு, இந்தக் கொண்டையத் தொட்டுப் பாரு. கூச்சப்படாத. அவுத்தா இடுப்புக்குக் கீழ வரும். எங்கக்கா ஒசரம், தங்கச்சி நல்ல கலரு. எனக்குன்னு நாலு பேரு திரும்பிப் பாக்கற மாதிரி இருந்தது இது ஒண்ணுதான். இப்ப உள்ள இருந்ததயும் எடுத்துட்டாங்க. ரெண்டு பெத்த வயிறு அது... செரி, அது போவுது, நோவு. இதுவும் போச்சுன்னா கண்ணாடியில பாத்து, யாருங்க நீங்கன்னு நானே கேப்பேன். எனக்கு அழுவாச்சியா வருது. சிரிக்காத.

அதவுடு, ஊட்டுக்கு வந்த பொறவு நடந்ததக் கேளு. கையத் தூக்கினா தையல் இழுக்குது, தலை வாரிக்க முடியல. சங்கீதாவுக்குக் காலைல வேலை செரியா இருக்குது. அதனால இவரு வாரி வுடறேன்னு வந்தாரு. வாழ்நாள்ல சீப்பப் புடிக்காத மனுசன். மரவள்ளிக் கெழங்கு புடுங்கற மாதிரி இழுத்தாரு, நான் கத்தினேன், தெருவே எட்டிப் பாத்துச்சு. மறுநாளு தேங்கா எண்ணெயக் காய்ச்சிக் கொண்டாந்து, நுனியில இருந்து சிக்கெடுத்தாரு. அதுக்கு அடுத்த நாளு பின்னிப் பழகினாரு. பின்னி முடிச்சுட்டு, கொஞ்ச நேரம் அதக் கையில வெச்சுட்டே நிப்பாரு. நேத்துத் திடீர்னு, ஃபாதரப் போயிக் கேப்பமா இன்னாசி, இதுக்கு மாத்து ஏதாச்சும் சொல்லுவாருன்னாரு. அதுக்குத்தான் இப்ப வந்திருக்கறோம். ஃபாதரு முடியாதுன்னுட்டா அடுத்த வாரம் வேளாங்கண்ணி பஸ்ஸுதான், திரும்பறப்ப எங்க ரெண்டு பேருத்துக்கும் ஒரே தலை.

என்ன கேக்கறே? அவிங்க வேண்டிக்கறப்ப நான் வேண்டாம்னு சொல்லலியான்னா?

அது... அதுல ஒரு சின்ன விசயம் இருக்குது. கிட்ட வா. ஆபரேசனுக்கு மொத நாளு இவிங்க மூணு பேரும் கட்டலச் சுத்தி உக்காந்து, பன்னும் டீயும் தின்னுட்டு இருந்தாங்க. எனக்கு உள்ள பதறுது. பக்கத்துக் கட்டலு பொம்பளைக்கு மக அலகு குத்தறாளாம், மாப்பிள்ளை பழனிக்கு நடக்கறாராம். எனக்கு ஒருத்தரும் ஒரு மெழுகுவத்தி கூட வேண்டல. நான் வெடிச்சுட்டேன். நான் செத்தா உங்களுக்கு என்னடா, எனக்காக வேண்டிக்க ஒரு நாதியில்லையா, என்னைய வெச்சு என்ன வேணாலும் வேண்டிக்குங்க, நானே கட்டித் தொலைக்கறேன்னு வார்டே கேக்கக் கத்தினேன். நானேதான் கத்தினேன். அவிங்க பாவம், பயந்து போயி ஆளுக்கொண்ணு வேண்டிக்கிட்டாங்க. சங்கீதா மட்டும் பயப்படல, அவ யோசிச்சுத்தான் வேண்டிக்கிட்டா.

இன்னொண்ணும் இருக்குது. ஃபாதருக்கே தெரியாது, உனக்குத்தான் சொல்றேன். மயக்க ஊசி போடறாங்க, மேல பெரிய லைட்டு, எனக்கு மாதா மொகந்தான் ஞாபகம் வந்துச்சு. நானும் ஏதாச்சும் குடுக்கோணும்ல? என்றகிட்ட என்ன மிச்சம் வெச்சாங்க? தலை போச்சு, காப்பி போச்சு, வாய் போச்சு. அதனால... அவரு மீசையக் குடுத்துட்டேன். ஆமா, எங்கூட்டுக்காரரு மீசைதான். சிரிக்காதன்னா. அந்த மனுசனுக்கு மூஞ்சியில அழகுன்னு இருக்கறது அது ஒண்ணுதான். காலையில எந்திரிச்சதும் கண்ணாடி முன்னால நின்னு முறுக்குவாரு. அவருகிட்ட எப்படிச் சொல்லறதுன்னு தெரியாமத்தான், இத்தன நாளா அவரு மேலயே எரிஞ்சு வுழுந்துட்டிருக்கறேன்.

ஸ்... கதவு தொறக்குது. மூஞ்சியச் சாதாரணமா வெச்சுக்க.

ஏனுங்க, என்ன சொன்னாரு ஃபாதரு? நின்னு நெதானமாச் சொல்லுங்க, ஏன் கண்ணு செவந்திருக்குது?

கேட்டியா கண்ணு. அடுத்தவங்களோடத எடுத்து வேண்டிக்கறது செல்லாதாமா. வேண்டிக்கிட்டவங்க அவிங்கவிங்களோடதத்தான் குடுக்கோணுமாமா. உங்ககிட்ட என்ன இருக்குதுன்னு ஃபாதரு கேட்டாராமா. இவரு... இவரு மீசையக் குடுக்கறேன்னு ஒத்துக்கிட்டாராமா. ஃபாதரு இரக்கப்பட்டு வேற ஏதாச்சும்னு சொன்னாராமா, இவருதான் கேக்கலியாமா. "உன்ற தலை உன்றகிட்டவே இருக்கட்டும் இன்னாசி, காலைல வாரி வுட எனக்கும் ஒண்ணு வேணுமல்ல"ங்கறாரு.

இல்லீங்க, ஒண்ணுமில்ல. கண்ணுல தூசி.

இங்க பாரு கண்ணு, மெதுவாப் பேசு. என்ற முடி தப்பிச்சுது. மீசையும் போவுது. நான் வேண்டிக்கிட்டதும் அதோட சேந்து தீந்துபோச்சு. நான் வாயத் தொறக்காம இருந்தா ஊட்டுக்குப் போயிரலாம், யாருக்கும் தெரியாது. உனக்குத் தெரியும், நீ சொல்லமாட்டே. மாதாவுக்குத் தெரியும்... அதுதான் ரோதனை. மனுசன் மேலொதட்டத் தடவிட்டே நிக்கறாரு பாரு, அதுகிட்டச் சொல்லிக்கிட்டுப் போற மாதிரி. அவரு கடனத் தீக்கறாரு, என்ற கடனயும் அவரு மூஞ்சியிலயே தீத்துக்கறதா? எனக்கு மனசு ஒப்பல.

கையப் புடி, எந்திரிக்கறேன். ஐயோ, தையலு... வுடு, நிக்கறேன். நீங்க இப்படி உக்காருங்க, இந்தப் பொண்ணுகூடப் பேசிட்டிருங்க. கல்யாணப் பொண்ணு, நல்ல புள்ளை, அதிகம் பேசாது. நான் ஃபாதரப் பாத்துட்டு வாரேன். என்னத்துக்கா? பொம்பளைங்க விசயம், உங்களுக்கு எதுக்கு?

கண்ணு, நீ வாயே தொறக்காத. ஃபாதரு சொன்ன நாயப்படி அந்த மீசைக்குப் பதிலா என்ற முடியத்தான் நான் குடுக்கோணும். குடுக்கறேன். ஆனா பூராவும் வேணுமா, இல்ல நுனியில ஒரு சாண் செரியாவுமான்னு மட்டும் கேட்டுப் பாக்கறேன்... ஃபாதர், சித்தெ உள்ள வரலாமுங்களா?