கண்டக்டர் ஐயாவுக்கு ஒரு ரைட்

மேடையில் அமர்ந்திருக்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, அப்பாவின் படத்துக்குப் பக்கத்தில் அழுது சிவந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கும் கண்டக்டர் ஐயாவின் மகளே, முன்வரிசையில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் என் முதியோர் குழு உறவுகளே, பின்வரிசையில் இது எப்போது முடியும் என்று செல்போனில் மணி பார்க்கும் இளைய தலைமுறையே, அனைவருக்கும் என் வணக்கம்.

நான் மேடை ஏறிப் பேசிப் பழகியவள் இல்லை. வீட்டைப் பார்த்துக்கொண்டு, பிள்ளைகளின் பாடப் புத்தகத்தை அவர்கள் தூங்கிய பிறகு எடுத்துப் படித்து, நானாகக் கற்றுக்கொண்டதுதான் என் படிப்பு. முதியோர் குழுவின் வரவு செலவு எழுதுகிறேன். எனக்குக் கூட்டல் தெரியும், கூட்டம் தெரியாது. தப்பாகப் பேசிவிடக் கூடாதே என்று இறைவனை வேண்டிக்கொண்டுதான் வந்தேன். படி ஏறும்போது எங்கள் குழுவின் தையல்காரர் ஐயா, "பார்த்து ஏறுங்கம்மா, பலகை ஆடுது" என்றார். இறைவனே அவர் வாயால் பேசியதாக எடுத்துக்கொண்டேன்.

யாருக்காக இங்கே கூடியிருக்கிறோம்? பெரிய பணக்காரருக்காகவா? பட்டம் வாங்கியவருக்காகவா? இல்லை. ஆயுள் முழுக்க ஓடுகிற பஸ்ஸில் நின்றுகொண்டே வேலை பார்த்து, ஓய்வு பெற்ற பிறகும் உட்காரத் தெரியாமல் போன ஒரு மனிதருக்காக! நம் கட்டடத்தின் தரைத்தளத்தில் தனியாக வாழ்ந்த மாமனிதர் கண்டக்டர் ஐயாவுக்காக!

அழுவதற்கு மட்டும் நாங்கள் வரவில்லை. லிஃப்டுக்குப் பக்கத்தில் தலைவர் கையெழுத்துப் போட்ட நோட்டீஸ் இன்னும் ஒட்டியிருக்கிறது. 'காலை நேரத்தில் விசில் ஊதுவதும், அதற்கு மறுமொழியாக மாடியிலிருந்து கூச்சலிடுவதும் உடனடியாக நிறுத்தப்பட வேண்டும்.' ஊதியவர் போய்விட்டார். நாளைக் காலை விசில் உண்டா, இல்லையா? அதைத் தெரிந்துகொண்டுதான் நாங்கள் நாற்காலியை விட்டு எழுந்திருப்பதாக இருக்கிறோம். எப்படியும் நாங்கள் எழுந்திருக்க நேரமாகும் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த விசில் எப்படி வந்தது? தையல்காரர் ஐயா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து கிடந்தாரே, அந்த நாளில் வந்தது. ஒரு பகல், ஒரு இரவு கிடந்தார். மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு, எல்லாம் ஆள் இருந்த வீடுகள். மகள் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாம் நினைத்துக்கொண்டோம். மகளோ, நாம் இருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் கண்டக்டர் ஐயா தலையில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "பிதுங்கி வழியுற பஸ்ஸுல ஒரு ஆள் இறங்காம தூங்கிட்டா எனக்குத் தெரியும்மா. இத்தனை கதவு இருக்கிற கட்டடத்துல ஒருத்தருக்கும் தெரியலையே!"

மறுநாள் காலை கீழே முற்றத்தில் நீளமாக ஒரு விசில். தனியாக வாழ்கிற ஒவ்வொருவரும் பால்கனிக்கு வந்து 'ரைட்' சொல்ல வேண்டும். முதல் மாடி, இரண்டாம் மாடி என்று வரிசையாக. குரல் வராத வீட்டுக்கு ஐயாவே படியேறிப் போவார். அவ்வளவுதான் ஏற்பாடு. சந்தா கிடையாது, கருவி கிடையாது, செல்போனில் எதையும் தட்ட வேண்டியது கிடையாது.

எனக்கு முதலில் பிடிக்கவில்லை. விளக்கேற்றி, கண்ணை மூடி, இறைவனிடம் குறைகளைச் சொல்ல அப்போதுதான் ஆரம்பித்திருப்பேன், விசில்! அதுவும் குடும்பப் பெண் பால்கனியில் நின்று கத்துவதா? அதனால் 'ரைட்' சொல்லாமல் பிரார்த்தனை மணியை அடித்தேன். கீழேயிருந்து ஐயா, "ஒத்தை மணி அடிச்சா வண்டி நின்னுடும்மா! வாயத் திறந்து சொல்லுங்க!" என்றார். மெதுவாகச் சொன்னேன். "என்னம்மா, குழம்புல உப்பு போட்டீங்களான்னு கேக்குற மாதிரி சொல்றீங்க? டிரைவருக்குக் கேக்க வேணாமா?" என்றார். எந்த டிரைவர்? மேலே கை காட்டினார். அதற்குப் பிறகு நான் சத்தமாகவே சொன்னேன். என் பிரார்த்தனையில் அதுவும் ஒரு பகுதியாகிவிட்டது.

தையல்காரர் ஐயாவுக்குக் காது கேட்காது. மகள் வாங்கிக் கொடுத்த காதுமெஷின் இருக்கிறது. பேட்டரி விலைக்குப் பயந்து அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்திருப்பார். விசிலுக்காக மட்டும் மாட்டி, 'ரைட்' சொன்னதும் கழற்றிவிடுவார். கழற்றிய பிறகு நீங்கள் என்ன சொன்னாலும் ரைட்தான். அதனால்தான் குழுவில் எந்தத் தீர்மானமும் தோற்றதில்லை.

கண்டக்டர் ஐயா எங்களிடம் மாத்திரை சாப்பிட்டீர்களா என்று கேட்டதே இல்லை. "டிக்கெட் எடுத்தாச்சா?" என்றுதான் கேட்பார். காலி அட்டையை எடுத்துக் காட்ட வேண்டும். ஒருநாள் ஓய்வு பெற்ற டீச்சர் மாட்டிக்கொண்டார். மாதம் முடிகிறது, அட்டை முடியவில்லை! பிரஷர் மாத்திரையைக் கத்தியால் பாதியாக வெட்டி வெட்டிச் சாப்பிட்டிருக்கிறார். பென்ஷன் பத்தவில்லை, மகனிடம் கேட்கக் கூச்சம். ஐயா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "டீச்சர், உங்களுக்கு அரை டிக்கெட் எடுக்குற வயசா?" என்றார். டீச்சர் கோபமாக, "என் மாத்திரை, என் கத்தி" என்றார். "உங்க மாத்திரைதான். மயங்கி விழுந்தா தூக்கப்போறது என் முதுகு" என்றார் இவர். மறுநாளே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போய், வரிசையில் அவருக்குப் பதிலாகத் தானே நின்று, அதே மாத்திரையை இலவசமாக வாங்கிக் கொடுத்தார். இன்றைக்கு டீச்சர் முழு டிக்கெட். இதோ சிரிக்கிறார், பாருங்கள்!

இன்னொரு நாள் என் செல்போனில் ஒருவன். "உங்க பேங்க் கணக்கை முடக்கப் போறோம்மா, வந்த நம்பரைச் சொல்லுங்க" என்று மிரட்டினான். பக்கத்தில் இருந்த ஐயா செல்போனை வாங்கினார். "இருங்க தம்பி, கண்ணாடியக் காணோம்." கண்ணாடி மூக்கில் இருந்தது. "கிடைச்சுடுச்சு தம்பி. இப்ப செல்போனைக் காணோம்." "தாத்தா, செல்போன்லதான் பேசிக்கிட்டு இருக்கீங்க!" "அட, ஆமா! தம்பி சாப்டாச்சா? இது நல்ல வேலையா? அம்மாவுக்குத் தெரியுமா?" கடைசியில் அவனே, "தாத்தா, கும்பிடுறேன், ஆளை விடுங்க" என்று வைத்துவிட்டான். ஐயாவுக்கு வருத்தம். "பாவம், அவங்கம்மாவுக்கு ஒரு போன் போடுன்னு சொல்ல மறந்துட்டேன்" என்றார்.

தனியாக இருப்பவர்களுக்குத்தான் இந்த ஏற்பாடு என்று சொன்னேன் அல்லவா? ஒருநாள் குடும்பத்தோடு இருக்கிற ஒரு அம்மா வந்து, "என்னையும் சேத்துக்கங்க" என்றார். "உங்க வீட்ல ஆள் இருக்காங்களேம்மா?" என்று ஐயா கேட்டார். அந்த அம்மா சொன்ன பதில் இன்னும் என் காதில் இருக்கிறது. "நானும் தனியாத்தாங்க இருக்கேன். கூட அஞ்சு பேர் இருக்காங்க, அவ்வளவுதான்." "நாளைலேர்ந்து ரைட் சொல்லுங்க" என்றார் ஐயா.

எங்கள் ஒவ்வொருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனவர் அவர். எத்தனை முறை என்றால், ஒரு புது டாக்டர் அவரை ஆஸ்பத்திரி ஊழியர் என்று நினைத்து, "அந்த ஸ்டூலை இங்க போடுங்க" என்றாராம். இவரும் போட்டாராம்! நேற்று அவருடைய மகள் என்னிடம் கேட்டாள்: "ஆன்ட்டி, நான் போன்ல கேக்கும்போதெல்லாம் ஆஸ்பத்திரியிலதான் இருக்கேன்னு சொல்வாரே, தனக்குன்னு ஒரு தடவையாவது டாக்டர்கிட்ட காட்டினாரா?" பொய் சொல்ல எனக்கு வராது. அந்த ஸ்டூலில் எங்களை உட்கார வைத்தார். தான் உட்காரவே இல்லை.

அன்று காலை விசில் வரவில்லை.

நோட்டீஸ் ஒட்டிய கோபம் என்று டீச்சர் நினைத்தார். பேட்டரி தீர்ந்துவிட்டது என்று தையல்காரர் ஐயா நினைத்து, மனதைக் கல்லாக்கிக்கொண்டு புது பேட்டரி போட்டார். பிரார்த்தனையைச் சீக்கிரம் முடித்துவிட்டேனோ என்று நான் நினைத்தேன். எல்லோரும் பால்கனியில் 'ரைட்'டை வாயில் வைத்துக்கொண்டு நிற்கிறோம். கீழே முற்றம் காலியாக இருக்கிறது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. நாங்கள் எல்லோரும் அவருக்கு ரைட் சொன்னோம். அவர் யாருக்கு ரைட் சொன்னார்?

கண்டக்டருக்கு டிக்கெட் கிடையாது. பஸ்ஸில் அது சரி. இங்கே சரியா? வருஷக்கணக்காக ஒருவருக்கும் தோன்றவில்லையே!

கீழே ஓடினோம். ஓடினோம் என்றால், எங்கள் அளவில் ஓடினோம். லிஃப்டில் எல்லோரும் ஒன்றாக ஏறியதில் அது கத்திக்கொண்டு நின்றுவிட்டது. "யாராவது ஒருத்தர் இறங்குங்க!" "நீங்க இறங்குங்க!" "எனக்கு முட்டி வலி!" "எனக்கு மட்டும் என்ன முத்தா விளையுது?" ஐயா இருந்திருந்தால் ஒரே அதட்டலில், "உள்ள போ, உள்ள போ" என்று ஏற்றி அனுப்பியிருப்பார். கடைசியில் படியில் ஒரு ஊர்வலமாக இறங்கினோம்.

எங்களுக்கு முன்னால் அவர் வாசலில் ஒருத்தி நின்றிருந்தாள். ஐந்தாம் மாடி நர்ஸ். இரவு ட்யூட்டி முடிந்து வந்து தூங்க முடியவில்லை என்று விசிலுக்கு எதிராகப் புகார் எழுதிக் கொடுத்தாளே, அவளேதான். கலைந்த தலையோடு நின்றாள். "என்னம்மா நீ இங்கே?" என்று கேட்டேன். "தெரியல ஆன்ட்டி. விசில் சத்தம் கேக்கலன்னு முழிப்பு வந்துடுச்சு" என்றாள்.

காவலாளியிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்தோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஷூ நாடா கட்டியிருந்தது. விசில் கழுத்தில் இருந்தது. எங்களுக்காகக் கிளம்பிய நிலையிலேயே போயிருக்கிறார். நர்ஸ் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, அதை விடவே இல்லை. "தவிச்சிருக்க மாட்டார் ஆன்ட்டி" என்றாள். இறைவனுக்கு நன்றி. ஆனால் அவர் தவித்திருந்தால்? ராத்திரி முழுக்கத் தையல்காரர் ஐயாவைப் போல் கிடந்திருந்தால்? நமக்குத் தெரிந்திருக்காது. அது எனக்கு இன்னும் நெஞ்சில் உறுத்துகிறது.

தலைவர் அவர்களே! உங்களைக் குறை சொல்ல நான் மேடை ஏறவில்லை. புகார் வந்தது, நோட்டீஸ் போட்டீர்கள். நர்ஸ் இதோ மூன்றாவது வரிசையில் இருக்கிறாள். புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டாள். கொஞ்சம் தள்ளி, அவள் வீட்டு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் நின்று ஊதச் சொன்னாள். நியாயம்தான். நோட்டீஸில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். 'மூன்றாம் மாடி சமையலறை ஜன்னலிலிருந்து அடையாளம் தெரியாத நபர் கூச்சலிடுகிறார்' என்று. நீங்கள் காலை நடைக்குப் போயிருக்கிற நேரம், உங்களுக்கு எப்படித் தெரியும்? அதற்கும் வருகிறேன்.

ஐயாவின் மகள் இந்த விசிலை என் கையில் கொடுத்து, "நீங்களே வச்சுக்கங்க ஆன்ட்டி" என்றாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்தேன். மரியாதை வேறு, சுத்தம் வேறு. ஐயா கோபித்துக்கொள்ள மாட்டார். அவருடைய மூச்சு, கூட்டம் வழியும் பஸ்ஸை நிறுத்திய மூச்சு. என்னுடையது காப்பியை ஆற்றுகிற மூச்சு. இருக்கட்டும். எல்லோரும் காதைக் கொடுங்கள். தையல்காரர் ஐயா, மெஷினை மாட்டுங்கள். இரங்கல் கூட்டத்தில் விசிலா என்று யாராவது முகம் சுளித்தால் என்னை மன்னிக்கவும். ஊதுகிறேன்.

கேட்டதா? பரவாயில்லை, கேட்டிருக்கிறது! முதல் மாடி... ரைட். சரி. இரண்டாம் மாடி... தையல்காரர் ஐயா ரைட், டீச்சர் ரைட். மூன்றாம் மாடி...

அடேயப்பா! கேட்டீர்களா, தலைவர் அவர்களே? கூரை அதிர்கிறது! அதுதான் அந்த அடையாளம் தெரியாத நபர். திரும்பிப் பாருங்கள். ஆமாம், உங்கள் அம்மாதான். என்னம்மா? மைக்கில் சொல்லட்டுமா? "வீட்டுக்கு வாடா, பேசிக்கிறேன்" என்கிறார்.

தலைவர் மேடையை விட்டு இறங்கிப் போகிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். சரி என்று தலையை ஆட்டுகிறார். செயலாளர் அவர்களே, எழுதிக்கொள்ளுங்கள்: விசில் உண்டு.

கண்டக்டர் ஐயா! உங்கள் படத்தின் முன்னால் வாக்குக் கொடுக்கிறோம். பொழுது விடிந்தால் விசில் ஒலிக்கும். ஒருவர் குரல் வராவிட்டாலும் வண்டி நகராது. அரை மாத்திரைக்கு இடமில்லை. நீங்கள் விட்டுப்போன ஒரே ஒரு விதியை மட்டும் நாங்கள் சேர்க்கிறோம்: இனி யார் விசில் ஊதினாலும், ஊதியவரும் ரைட் சொல்ல வேண்டும். ஊதுகிறவர் சொல்லும்வரை மற்றவர்கள் பால்கனியை விட்டு உள்ளே போகக் கூடாது. இறைவன் உங்களுக்கு ஜன்னல் ஓரமாக ஒரு இடம் கொடுக்கட்டும். இந்தத் தடவையாவது உட்காருங்கள். அனைவருக்கும் நன்றி கூறி, விடைபெற்று...

என்ன, தையல்காரர் ஐயா? ஏன் எல்லோரும் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள்?

எனக்கா?

பார்த்தீர்களா, விதியைச் சொன்ன வாயே மறந்துவிட்டது.

ரைட்!