அழுகையோட திறக்கிற பக்கம்

சதாசிவம்: நில்லு நில்லு... வெப்சைட்ல மேல இருந்த என் படம் எங்கம்மா போச்சு?

லோஷினி: கீழ இருக்கு அங்கிள். இழுத்துப் பாருங்க.

சதாசிவம்: கீழயா! டத்தோ பட்டம் வாங்குன பெரிய மனுஷன் எனக்குப் பொன்னாட போத்துன படம்லா அது! அத மேல போட்டாத்தானே கம்பெனிக்கு ஒரு மதிப்பு?

லோஷினி: நீங்க நடத்துறது கல்யாண மண்டபமா? ஈமச்சடங்கு சர்விஸ். வீட்டுல ஒருத்தர் தவறிப்போயி, கையும் ஓடல காலும் ஓடலன்னு நிக்கிறவங்களுக்கு டத்தோ எதுக்கு?

சதாசிவம்: வாய் இருக்கே உனக்கு... சரி, மேல என்ன போட்ட?

லோஷினி: உங்க போன் நம்பர்.

சதாசிவம்: அம்புட்டுதானா?

லோஷினி: அம்புட்டுதான். பெருசா. கண்ணுல தண்ணி நிக்கிறப்பவும் தெரியணும். தொட்டா நேரா உங்களுக்கு அடிக்கும்.

சதாசிவம்: ம்... பரவால்ல. அதுக்குக் கீழ?

லோஷினி: கேள்வி. ஆஸ்பத்திரியில தவறிட்டாங்களா, வீட்டுலயா, இல்ல வேலைக்குப் போன சிங்கப்பூர்லயா? எதத் தொட்டாலும் மொதல்ல என்ன செய்யணும்னு வரும். வீட்டுலன்னா போலீஸ் ஸ்டேஷன்ல போய்ச் சொல்லணும்னு எத்தன பேருக்குத் தெரியும்?

சதாசிவம்: அலமாக், யாருக்கும் தெரியாதும்மா! என்னத்தான் கேப்பாங்க... இப்ப யாரு கேக்குறா? புதுசா ஒருத்தன் கம்பெனி தொறந்தான், எல்லா போனும் அவனுக்குத்தான் போவுது. நம்ம வண்டி வெயில்ல காயுது. இந்த வெப்சைட்டும் கைகொடுக்கலன்னா எல்லாத்தையும் வித்துட்டு மகன் வீட்டோட போயிருவேன்.

லோஷினி: விக்க வேணாம். போன் வரும். நான் சொல்றேன்ல?

சதாசிவம்: எங்கேர்ந்துதான் வருதோ உனக்கு இந்தத் தைரியம்! ...இரு, கடைசியில நான் எழுதி வச்சதக் காணோமே?

லோஷினி: எது? "நன்றி, மீண்டும் வருக"வா?

சதாசிவம்: ஆமா. ஒரு மரியாதைக்குப் போட்டது.

லோஷினி: அங்கிள்! எழவு வீட்டுலேர்ந்து கெளம்பறப்ப "போயிட்டு வரேன்"னு சொல்லுவீங்களா?

சதாசிவம்: சேச்சே! சொல்லாமத்தான் கெளம்புவோம்.

லோஷினி: ஆனா வெப்சைட்ல மறுபடி வாங்கன்னு கூப்பிடுறீங்க.

சதாசிவம்: ...ஐயோ. ஐயய்யோ! எத்தன வருஷமா இருக்கு அது! ஒருத்தரும் சொல்லலியே?

லோஷினி: அந்த நேரத்துல யாரு வந்து உங்களுக்குத் திருத்திச் சொல்லுவா? பேசாம அடுத்த கம்பெனிக்குப் போயிருவாங்க.

சதாசிவம்: எடுத்துரு, எடுத்துரு! மொதல்ல அத எடு!

லோஷினி: எடுத்தாச்சு.

சதாசிவம்: கெட்டிக்காரி. நீயா தேடி வந்து, நான் செஞ்சு தரேன்னு நின்னப்ப, யாருடா இந்தப் பொண்ணுன்னு சந்தேகப்பட்டேன்லா... சரி, சத்தத்தக் கூட்டு. பாட்டு வரலியே?

லோஷினி: எந்தப் பாட்டு?

சதாசிவம்: திறந்ததுமே நாதஸ்வரம் வருமே! மங்களகரமா இருக்கட்டும்னு என் மகன் போட்டது.

லோஷினி: அதையும் எடுத்துட்டேன்.

சதாசிவம்: அதுவுமா! அது உன்ன என்னம்மா பண்ணுச்சு? நல்ல நாதஸ்வரம்லா...

லோஷினி: நல்லாத்தான் வாசிச்சாங்க அங்கிள்... எங்கம்மா போன அன்னிக்கி, அவங்க தலமாட்டுல உக்காந்து உங்க நம்பரத் தேடுனப்ப, வீடு பூரா கேட்டுச்சு.