மஞ்சள் வண்டிக்காக வாதாடியவர்

மேடையில் வீற்றிருக்கும் சங்கத் தலைவர் குமாரவேல் ஐயா அவர்களே, முன்னாள் படைவீரர் சங்கத்து உறுப்பினர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் கவுஞ்சியிலிருந்தும் கிளாவரையிலிருந்தும் வந்திருக்கும் விவசாயப் பெருமக்களே, ஜீப் ஓட்டுநர் தோழர்களே, முன்வரிசையில் மகள் ரேவதியோடு அமர்ந்திருக்கும் ஹவில்தாரின் துணைவியார் அம்மா நாச்சியம்மாள் அவர்களே, சங்கச் செயலாளர் இராமலிங்கத்தின் வணக்கம்.

எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். மறைந்த ஹவில்தார் குழந்தைவேல் அவர்களை உத்தமர் என்றார்கள், வீரர் என்றார்கள், நம் மலையின் பெருமை என்றார்கள். அவர்கள் பேசும்போது நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் அவர் உயிரோடு இருந்தபோது யார் சொன்னீர்கள்? எந்த டீக்கடையில் சொன்னீர்கள்? உங்களைக் குற்றம் சொல்வதற்காக நான் இதைக் கேட்கவில்லை. முதல் குற்றவாளி நான்தான். இருபத்தெட்டு வருடம் ராணுவத்தில் இருந்தேன். அதில் பெரும்பகுதி வாயிலில் நின்று வருகிறவர் போகிறவரின் அடையாள அட்டையைச் சோதிக்கும் வேலை. அட்டையில் இருக்கும் முகத்தையும் நேரில் நிற்கும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துப் பார்த்து, எந்த முகத்தையும் நம்ப முடியாதவனாக வீடு திரும்பினேன். அப்படிப்பட்டவனைத்தான் நீங்கள் செயலாளர் ஆக்கினீர்கள்.

குழந்தைவேல் அவர்கள் நம் சங்கத்துக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது. ராணுவ வண்டிகளைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருந்ததாகவும், சியாச்சின் பனிமலையில் இரண்டு வருடம் ஸ்னோ ஸ்கூட்டர் மெக்கானிக்காக வேலை பார்த்ததாகவும் சொன்னார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அது பனியில் ஓடும் வண்டி. முன்னால் சறுக்குக் கட்டை, பின்னால் சக்கரத்துக்குப் பதிலாக அகலமான ரப்பர் பட்டை.

டிஸ்சார்ஜ் புத்தகத்தைக் காட்டுங்கள் என்றேன். வீட்டில் இருக்கிறது என்றார். அடுத்த மாதமும் கேட்டேன், அதே பதில். பென்ஷன் வருகிறது, ஆகவே பட்டாளத்தில் இருந்தது உண்மை. ஆனால் பனிமலைக்குப் போனாரா? போனவர் ஏன் மெடலைக் குத்திக்கொண்டு வருவதில்லை? கவுஞ்சி கோயிலுக்கு வந்தால்கூட ஏன் ஷூவைக் கழற்றாமல் வெளியிலேயே நின்றுவிட்டுப் போகிறார்? என் மனதில் கேள்விகள் வரிசை கட்டி நின்றன.

அந்தச் சமயத்தில்தான் ஜெயச்சந்திரன் நம் சங்கத்தில் சேர்ந்தார். இதோ மேடையில் என் இடப்பக்கம் இருக்கிறார். அவரும் அதே பனிமலையில் ஸ்னோ ஸ்கூட்டர் ஓட்டியவர். புத்தகம் இருந்தது, மெடல் இருந்தது, புகைப்படம் இருந்தது. இரண்டு பேரும் சந்தித்த முதல் கூட்டத்திலேயே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. தொண்ணூறுகளில் வந்த ஸ்னோ ஸ்கூட்டர்களில் எது சிறந்தது? பழைய மஞ்சள் வண்டியா, பின்னால் வந்த கறுப்பு வண்டியா?

ஜெயச்சந்திரன் கறுப்பு வண்டியின் பக்கம். சுவிட்சைத் தட்டினால் கிளம்பும், இரண்டு மடங்கு வேகம், ஆபத்துக்கு வேகம்தான் உதவும் என்பது அவர் கட்சி. குழந்தைவேல் மஞ்சள் வண்டியின் பக்கம். "கறுப்பு வேகமாப் போகும், இல்லேங்கலங்க. ஆனா பொதுபொதுன்னு புதுப்பனி விழுந்து கெடக்கும்போது மூக்கக் குத்திக்கிட்டு நின்னுரும். அந்தக் குளிருக்கு பேட்டரியும் செத்துப்போகும். மஞ்ச வண்டிய நாலு இழுப்பு கயித்த இழுத்தாக் கெளம்பும், சொமையோட மெதுவாப் போய்ச் சேந்துரும்" என்பார்.

மாதக் கூட்டம் மூன்று மணிக்குத் தொடங்கும். மூன்றேகாலுக்கு மஞ்சளும் கறுப்பும் வந்துவிடும். உறைபனியில் கருகிய உருளைக்கிழங்குச் செடியைத் தவிர வேறு பனியைப் பார்த்திராத கவுஞ்சிக்காரர்கள்கூடக் கட்சி பிரிந்து வாதாடினார்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. குழந்தைவேலின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மனிதர் வண்டியைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பொய் சொல்கிறவன்தான் அப்படிப் பேசுவான் என்று முடிவு கட்டினேன்.

ஒருநாள் பொறி வைத்தேன். ஜெயச்சந்திரனிடம் ரகசியமாகக் கேட்டு வைத்துக்கொண்டு, கூட்டத்தின் நடுவில், மஞ்சள் வண்டியில் ரிவர்ஸ் கியர் எந்தப் பக்கம் இருக்கும் என்று கேட்டேன். அந்த வண்டியில் ரிவர்ஸே கிடையாது. வலப்பக்கம் என்றோ இடப்பக்கம் என்றோ சொன்னால் அன்றோடு அவர் கதை முடிந்தது. குழந்தைவேல் என்னை ஒருமுறை பார்த்தார். "ரிவர்ஸ் ஏதுங்க அதுல. ரெண்டு பேரு எறங்கித் தூக்கித்தான் திருப்பணும்" என்றார். என் சந்தேகம் தீர்ந்ததா? இல்லை. எங்கோ படித்துவிட்டு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சந்தேகப்படுகிறவனுக்குச் சரியான பதிலும் ஒரு தடயம்தான், ஐயா.

மூன்று வருடத்துக்கு முன், ஒரு ஜனவரிக் கூட்டத்தில், வாதம் சூடாக இருந்தபோது ஜெயச்சந்திரன் ஒரு கேள்வி கேட்டார். எங்கள் முகாமில் ஒரு கதை சொல்வார்கள், தொண்ணூற்றாறில் நோயாளியை ஏற்றி வந்த மஞ்சள் வண்டி பாதி வழியில் நின்றுபோய் அந்த ஆள் இறந்துவிட்டார், அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வாதத்தில் ஜெயிக்கக் கேட்டார்.

குழந்தைவேல் டீ கிளாசைக் கீழே வைத்தார். எழுந்தார். படியிறங்கிப் போய்விட்டார். அதன்பின் சங்கத்துக்கு வரவே இல்லை.

ஆள் அகப்பட்டுக்கொண்டார் என்று அன்றே ஊரெல்லாம் சொன்னேன். நானே சொன்னேன். குடியரசு தினத்தன்று பனிமலையில் பணியாற்றியவர்களுக்குப் பொன்னாடை போர்த்த முடிவு செய்திருந்தோம். பட்டியலில் இருந்த அவர் பெயரை நான்தான் அடித்தேன். அந்த மேடையின் முன்னால், உள்ளூர்ப் பள்ளியின் ஆசிரியைகள் வரிசையில், அவர் மகள் ரேவதி உட்கார்ந்திருந்தார். பெயர்கள் வாசித்து முடித்தபோது ரேவதி எழுந்து வெளியே போனதை நான் பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

போன டிசம்பரில் நடந்ததையும் சொல்ல வேண்டும். கிளாவரையில் ஒரு சோலியை முடித்துக்கொண்டு சோலைமுத்துவின் ஜீப்பில் திரும்பிக்கொண்டிருந்தேன். பின் இருக்கையில் பெருமாயி அம்மாள். மூச்சுத் திணறல். அவருடைய மகன் கருப்பசாமி அவரைத் தாங்கிப் பிடித்திருந்தார். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்கு வெரசாகப் போக வேண்டும். கவுஞ்சி திருப்பத்தில் குழந்தைவேல் சாலையின் நடுவில் நின்று கையைக் காட்டினார். நோயாளியோடு போகும் எந்த வண்டியையும் அவர் இப்படி நிறுத்துவார் என்பது ஓட்டுநர்களுக்குத் தெரியும். உதிரி பாகக் கடையில் கமிஷன் வாங்குகிறார் என்றுகூட ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நானும் நம்பினேன்.

பானெட்டைத் திற என்றார். கருப்பசாமி திட்டினார். "எங்கம்மா செத்தா நீயா பதில் சொல்லுவ?" என்று கேட்டார். குழந்தைவேல் ஃபேன் பெல்ட்டை விரலால் திருப்பிக் காட்டினார். உள்பக்கம் முழுக்க விரிசல். தன் பையிலிருந்து புது பெல்ட்டை எடுத்து மாட்டினார். பத்து நிமிடம் ஆனது. என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஜீப் மன்னவனூர் ஏற்றத்தை ஏறும்போதுகூட, எனக்கு எதிரில் நடித்துக் காட்டுகிறார் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தேன். பெருமாயி அம்மாள் பிழைத்தார். இதோ மூன்றாவது வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருக்கிறார்.

போன மாதம் பதினேழாம் தேதி, வெள்ளனே கேரட் வயலுக்குப் போன குழந்தைவேல் அவர்கள் வரப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

செயலாளர் என்ற முறையில் போனேன். கடமைக்குத்தான் போனேன், மறைக்கவில்லை. குளிப்பாட்ட ஆள் குறைந்ததால் நானும் கை கொடுத்தேன். ஷூவைக் கழற்றினோம். இடது காலில் மூன்று விரல்கள் இல்லை. பனி தின்ற கால் எப்படி இருக்கும் என்று ராணுவ ஆஸ்பத்திரி வாயிலில் நின்ற எனக்குத் தெரியும். தண்ணீர்ச் சொம்போடு அப்படியே நின்றுவிட்டேன்.

காரியம் முடிந்த மூன்றாம் நாள் ஜெயச்சந்திரனும் நானும் மறுபடி போனோம். நாச்சியம்மாள் அம்மா எங்களை உட்காரச் சொன்னார். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். எல்லாம் அதில் இருந்தது. சியாச்சின் இருந்தது, மெடல் இருந்தது. பிறகு அவர் நடந்ததைச் சொன்னார். இங்கே சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன்.

தொண்ணூற்றாறு ஜனவரி. தேனிப் பக்கத்துக்காரர் தங்கமுத்து என்ற சிப்பாய்க்கு நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. மஞ்சள் வண்டியின் பின்னால் சறுக்குப் பலகையைக் கட்டி, அதில் அவரைப் படுக்க வைத்து, குழந்தைவேலே ஓட்டி வந்தார். முகாமுக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கும்போது, இன்ஜினோடு பட்டையை இணைக்கும் பெல்ட் அறுந்தது. பெட்டியைத் திறந்தார். மாற்று பெல்ட் இல்லை. முந்தின நாள் அதை எடுத்து வேறு வண்டியில் மாட்டியவர் அவர்தான். வேறொன்றை எடுத்து வைக்க மறந்தவரும் அவர்தான். பலகையின் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு, மூச்சுக் கிடைக்காத அந்த உயரத்தில், நான்கு கிலோமீட்டரும் இழுத்து நடந்தார். போய்ச் சேர்ந்தபோது தங்கமுத்து உயிரோடு இல்லை. குழந்தைவேலுக்கு மூன்று விரல்கள் போயின.

குளிரால் பெல்ட் அறுந்தது, வண்டி சரியில்லை என்று மேலே எழுதிவிட்டார்கள். அதன்பின் முகாமில் எல்லோரும் மஞ்சள் வண்டியைப் பாடை என்றே கூப்பிட்டார்களாம்.

நாச்சியம்மாள் அம்மா சொன்னதை அவர் வாய்மொழியாகவே சொல்கிறேன். "நானும் கேட்டுருக்கேங்க, கண்ணுல காணாத வண்டிக்கு ஏன் இம்புட்டு மல்லுக்கு நிக்கிறீகன்னு. 'அது நல்ல வண்டி, நாச்சி. மாத்து பெல்ட்ட வைக்கிறது என் சோலி, அத மறந்தது நான். என் தப்பத் தூக்கி அது தலையில எழுதிப்புட்டாக. நானும் பேசாம இருந்தா எப்பிடி?'ன்னாரு. மெடல எடுத்துக் குத்துங்கன்னா, அது தங்கமுத்து வீட்டுல இருக்கவேண்டியதும்பாரு."

தோழர்களே, எட்டு வருடம் அந்த மனிதர் நம் முன்னால் நின்று ஒவ்வொரு மாதமும் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். நாம் அதை வண்டிப் பேச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தோம். நான் பொய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். நாச்சியம்மாள் அம்மா பேசி முடித்ததும் ஜெயச்சந்திரன் அழுதார். அந்தக் குளிரில் புது பெல்ட்டே அறுந்து போகும், மாற்று இருந்திருந்தாலும் அதை மாட்ட விரல் வேலை செய்திருக்காது, நீங்கள் ஏன் இதை என்னிடம் கேட்கவில்லை என்று குழந்தைவேலின் படத்தைப் பார்த்துக் கேட்டார். அது உண்மையாக இருக்கலாம். ஆறுதலுக்குச் சொன்னதாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல இப்போதுதான் கற்றுக்கொள்கிறேன்.

அம்மா நாச்சியம்மாள் அவர்களே, மகள் ரேவதி அவர்களே, உங்களிடம் இந்தச் சபை அறிய மன்னிப்புக் கேட்கிறேன். தர வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியது என் கடமை.

ஹவில்தார் குழந்தைவேல் செய்த வேலை நிற்கக் கூடாது. கவுஞ்சி திருப்பத்தில் இனி தினமும் சங்கத்து ஆள் ஒருவர் பையோடு நிற்பார். முதல் மாதம் நான் நிற்கிறேன். சோலைமுத்துவிடம் பத்து நாளாகப் பாடம் கேட்கிறேன். அவர் பத்து நிமிடத்தில் மாட்டியதை மாட்ட எனக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. குறையும்.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து நின்று இரண்டு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்துவோம். இன்று அதை வெளியில் செலுத்தலாம் என்று தலைவரிடம் கேட்டேன், சம்மதித்தார். வாசலில் பத்தொன்பது ஜீப்புகள் நிற்கின்றன. மழை விட்டிருக்கிறது. ஓட்டுநர் தோழர்கள் போய்ப் பானெட்டைத் திறங்கள். மற்றவர்கள் ஆளுக்கொரு வண்டி அருகில் நில்லுங்கள். பேசாமல், அவசரப்படாமல், பெல்ட்டை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நன்றாகச் சந்தேகப்பட்டுப் பாருங்கள். நான் ஒரு மனிதர் மேல் பதினொரு வருடம் வீணாக்கிய சந்தேகம் அது. வைக்க வேண்டிய இடம் அங்கேதான் இருந்தது.

வாருங்கள், போவோம்.