ரொட்டி இறங்குதா?

தவளக்குப்பத்தில் பஸ் ஏறிய பெண்ணுக்கு இருபது வயசிருக்கும். ஆஸ்துமா ஸ்ப்ரேயை வாய்க்குள் அடித்து, மூச்சை இழுக்காமல் அப்படியே முழுங்கினாள். மூணாங்கிளாஸ் தாண்டாத எனக்கே அது தப்பென்று பட்டது. புத்தி சொல்ல வாயைத் திறந்தேன். நல்லவேளை, கூட வந்த அவள் அம்மா முந்திக்கொண்டாள்.

"இழுத்துடலியேடி, முழுங்கிட்டதான? டாக்டரு இத மூச்சுக்கா குடுத்தாரு? சாப்பாடு எறங்குற கொழா வீக்கத்துக்குத்தான? அர மணி நேரம் தண்ணி குடிக்காத."

நான் டாக்டராகும் வாய்ப்பு அதோடு போனது.

"தெரியும்மா."

"கோதும அலர்ஜின்னு நிறுத்துனோம். இப்ப மருந்தோட தின்னு பாக்கச் சொன்னாரே, ரொட்டி எறங்குதா?"

பெண் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"கேக்குறேன்ல? அந்த பிரான்சு மாப்ள வீட்டுக்கு ஞாயித்துக்கெழம அப்பா பதில் சொல்லணும். அங்க மூணு வேளயும் ரொட்டிதானாம். ஒனக்கு நெஞ்சுல அடைக்குதுன்னா வேணாம்னுடலாம்."

"அடைக்கல."

"கொஞ்சங்கூடவா?"

"கொஞ்சங்கூட அடைக்கலம்மா. அதான் பயமா இருக்கு."

அம்மா மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"புடிக்கலன்னா புடிக்கலன்னு சொல்லேன்டி. அதுக்கு எதுக்கு நெஞ்சு அடைக்கணும்?"