பச்சைக் கொடிக்கு ஓர் அடக்கம்

திருவொற்றியூரில் புறநகர்த் தொடர்வண்டியில் ஏறிய இருவர் என் எதிரே அமர்ந்தனர். ஒருவர் கப்பல்களுக்குக் கொடி தைக்கும் இசுலாமியர். மற்றவர் கழுத்தில் சிலுவை அணிந்த கப்பல் முகவர்.

"நாடு உயிரோட கீதான்னு கேட்டுகினு ஊசிய எடுத்திருக்கணும்," என்றார் தையற்காரர். அவர் மடியில் பச்சைத் துணிப் பொட்டலம் ஒன்று இருந்தது.

"நான் இன்னா பண்ண பாய்? கப்பல் போற நாட்டுல பட்டாளத்தான் ஆட்சிய புடிச்சி இஸ்லாமியக் குடியரசுன்னான், கொடிய மாத்துனான். நேத்து அவனையே தொரத்திட்டானுங்க. கப்பல் சாயந்தரம் கெளம்புது. பழைய கொடிய ஏத்தாம அந்த ஊரு துறைமுகத்துல உள்ள வுடமாட்டான். இதையே வெட்டித் தெச்சிடு."

"அல்லா பேர நடுவுல தெச்சிகீறேன். கத்திரிய எங்க வெப்பேன்?"

"அப்ப தூக்கிப் போடு."

"போடக் கூடாது மாமு. மரியாதையா மண்ணுல பொதைக்கணும்."

முகவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். வண்ணாரப்பேட்டை வந்தது.

"எறங்கு, வேற பச்சைத் துணி வாங்கலாம். அங்க மூணு மாசம் நிக்காத குடியரசுக்கு ராயபுரத்துல அடக்கம்! குழி தோண்ட நானும் வரணுமா?"

"பின்ன? ஆர்டர் குடுத்தது நீதானே," என்றவர், பொட்டலத்தை இரு கைகளாலும் ஏந்தி இறங்கினார்.