ஏழாம் அறை மணிக்குக் காது கொடுத்தவருக்கு

இடி வருமுன் விழித்தெழுந்து எம் இன்னுயிருக்கு வேலியாய் நின்ற வித்தகரே! பிழையில்லை என்று கணினியே சொன்னாலும் பின்னும் ஒருமுறை பார்க்கும் பெருந்தகையே! பூட்டிய கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கும் பொறுப்பாளரே! கண்ணுச்சாமி ஐயா அவர்களே, வணங்குகிறோம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் எங்கள் பட்டாசு ஆலையின் கணினிப் பிரிவைக் காத்து, இன்று பணி ஓய்வு பெறும் இவரைப் பற்றி அவையோருக்கு ஒன்று சொல்லியாக வேண்டும். இடி நெருங்கினால் பன்னிரண்டு வெடிமருந்து அறைகளிலும் மணி அடிக்கும். உடனே எல்லோரும் வெளியேற வேண்டும். அலுவலகக் கணினியை அந்த மணிப்பெட்டிகளோடு பேசவைக்கும் சாக்கெட் நிரல் இவர் எழுதியது.

போன புரட்டாசியில் புதுக் கணினி வந்தது. பழைய நிரல் அதில் ஓடவில்லை. பெட்டிகளின் முகவரியை எந்த வடிவில் எழுதுவது என்று நிரலுக்குச் சொல்லும் ஹெடர் ஃபைல்களை ஐயா மாற்றினார். கணினி ஒரு குறையும் சொல்லவில்லை. வழக்கம்போல் சாப்பாட்டு வேளையில், எல்லோரும் வேம்படியில் இருக்க, சோதித்தார். மணிகள் சேர்ந்து முழங்கின, கைதட்டினோம். அவருக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. முழங்கால் வலியால் ஏழாம் அறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்ட வெள்ளைத்தாயிடம் போய்க் கேட்டார்.

“எங்க ரூம்ல அடிக்கலயே ஐயா,” என்றார் அவர்.

ஐயா உள்ளே போய்ப் பார்த்தார். அந்த அறையில் மட்டும் பழைய பெட்டி. புது வடிவ முகவரி அதற்கு எட்டவில்லை. பதினொரு மணிகளின் சத்தத்தில் அந்த ஒன்றின் மௌனத்தை நாங்கள் யாரும் கவனிக்கவில்லை. மேற்கே இருட்டிக்கொண்டு வந்தது.

“சீசன் நேரம். ஒரு ரூமுக்காக ஆர்டரை நிப்பாட்டுவீகளா?” என்றார் மேற்பார்வையாளர் பெத்தணன்.

“மணி அடிக்கிற வரைக்கும் அங்கன யாரும் போகக் கூடாது. தப்பு என்னோடது. நாந்தான் சொல்லுதேன்.”

பழைய வடிவையும் புதிய வடிவையும் ஹெடரில் சேர்த்து, வியர்க்க வியர்க்கத் திருத்தினார். மூன்றரைக்கு ஏழாம் அறை மணி அடித்தது. நான்கு மணிக்கு நிஜமாகவே இடி வந்தது. பன்னிரண்டு அறைகளும் காலியாகும்வரை வாசலில் நின்று தலைகளை எண்ணினார்.

ஐயா, தாங்கள் போன பிறகு யார் இப்படிப் பயப்படுவார்கள் என்பதே எங்கள் பயம். இனிச் சோதனையின்போது ஒவ்வோர் அறை வாசலிலும் ஒருவர் நிற்போம். தாங்கள் நோயின்றி நெடுநாள் வாழ்க; நிம்மதியாய்ச் சாப்பிடுக.

இது சித்திரை இடிமழைக் காலம். இம்மடலை வாசிக்கும்போது மணி அடித்தால் பாதியில் நிறுத்திவிட்டு வெளியேறுவோம். எங்களுக்கு முன்னால் தாங்கள் எழுந்திருப்பீர்கள்.

அன்புடன்,
ஆலைப் பணியாளர்கள்,
ஏழாயிரம்பண்ணை