யாரும் சாகாத படங்கள்

முதுகில் பெயர் எழுதிய நாற்காலியில் உட்கார்ந்து நான் படம் எடுத்ததே இல்லை. நின்றுகொண்டேதான் வேலை பார்ப்பேன். முழங்கால் தேய்ந்ததற்கு அதுதான் காரணம் என்கிறார் டாக்டர். அதனால் இப்போது உட்கார்ந்தே பேசுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் எடுக்காத வகை கிடையாது. பேய்ப் படம், துப்பறியும் படம், சண்டைப் படம், பாட்டும் கூத்துமாகச் சில படங்கள். எதைக் கொடுத்தாலும் வெளுத்து வாங்கிவிடுவார் என்று பெயர். அந்தப் பெயருக்கு வேட்டு வைத்தவர் ஒரு பத்திரிகை விமர்சகர். "இவர் படங்களில் யாரும் சாவதில்லை, படுத்துக்கொள்கிறார்கள்" என்று எழுதினார். ஊரே சிரித்தது. என் மனைவியின் தம்பி அதை எங்கள் சாப்பாட்டு மேஜையிலேயே நடித்துக் காட்டினான். செத்து விழுந்து, ஒற்றைக் கண்ணைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் கேட்டான். என் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன்தான் என் படங்களின் ஆஸ்தான சிரிப்பு நடிகன். கையைப் பிடித்துக் கூட்டிவந்தவன் நான். ஆனால் ஜனங்கள் அவன் படம் என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்கினார்கள். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று பலரிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

அழவைக்கும் படம் ஒன்றில் அவனையே போட்டேன். மாடிப்படி ஏறும்போது நெஞ்சடைத்துச் சாகிற குமாஸ்தா வேஷம். செட்டில் படிகளை வேண்டுமென்றே செங்குத்தாகக் கட்டச் சொன்னேன். காலையிலிருந்து ஏறவைத்தேன். ஒவ்வொரு முறையும் அழகாக விழுந்தான். லைட்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். மத்தியானம் கைப்பிடியைப் பற்றியபடி நின்றுவிட்டான்.

"மாமா, நெஜமாவே நெஞ்ச அடைக்குது. நாளைக்கு எடுத்துக்கலாமே."

"அதான் வேணும் மச்சான். அத அப்படியே வெச்சுக்கோ."

என் செட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் 'கட்' சொல்லும்வரை ஒருவரும் அசையக்கூடாது. தடுக்கி விழுந்த நடிகையைத் தூக்கிவிட ஓடிய ஒரு லைட்காரரை ஒருமுறை அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பினேன். அதற்குப் பிறகு கூரை இடிந்து விழுந்தாலும் எல்லாரும் என் வாயைத்தான் பார்ப்பார்கள். அவரவர்க்குப் பிழைப்பு முக்கியம் இல்லையா.

மறுபடி ஏறினான். பாதிப் படியில் விழுந்தான். அழகே இல்லை. ஒரு கால் மடங்கி உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. அந்த இடத்தில் அவனுக்கு வசனமே கிடையாது. ஆனால் "மாமா" என்றான், என்னைப் பார்த்து. அது நடிப்பில்லை என்று எனக்கு உடனே தெரிந்தது. அவன் நடிப்பு எனக்குத் தெரியாதா? கேமராமேன் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். இன்னும் கிட்டப் போகச் சொல்லி விரலால் காட்டினேன். போனார். அவன் உதடு அசைவது நிற்கும்வரை கேமரா அந்த முகத்தை விட்டு நகரவில்லை.

பிறகு எல்லாரும் கைதட்டினார்கள், இன்றைக்குத்தான் ஒழுங்காகச் செத்தான் என்று நினைத்து.

படம் ஓடு ஓடு என்று ஓடியது. அதே விமர்சகர் அந்தச் சாவைப் பற்றி மட்டும் ஒரு பக்கம் எழுதினார். அவன் சொன்ன அந்த ஒரு சொல்லை அழித்துவிட்டு வயலின் சேர்த்திருந்தேன். தியேட்டரில் என் மனைவி என் தோளில் சாய்ந்து அழுதாள்.

"கடைசியில என்னவோ சொல்ல வர்றானே, என்னங்க அது?"

வசனம் என்றேன்.

போன வாரம் கேமராமேன் மனசு கேட்காமல் அவளிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். அவள் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்துவிட்டாள். கோபத்தில் ஏதேதோ சொல்லியிருப்பாள், பாவம், கூடப் பிறந்தவன் இல்லையா. மற்றதை எல்லாம் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் நான் 'கட்' சொல்லவே இல்லை என்கிறாளாம். அது அபாண்டம். சொன்னேன். பிலிம் தீர்ந்ததும் சொன்னேன்.